இரண்டே முக்கால்

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது மணி அடிப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். மேடை ஏறும் இருவருக்கும் அது தெரியும், நடுவருக்கும் தெரியும். ஆட்டம் எத்தனை நிமிடம் ஓட வேண்டும், எந்தப் பிடியில் முடிய வேண்டும் என்பதும் பேசி வைத்ததுதான். பேசி வைக்க முடியாதது ஒன்று உண்டு, தொழில் என்பது அதுதான்: அந்த முடிவு வரைக்கும் கூட்டத்தை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது. கீழே கிடப்பவரின் இரண்டு தோளும் தரையில் பட்டிருக்க, நடுவர் மூன்று முறை தரையைத் தட்டினால் தோல்வி. இரண்டாவது தட்டு விழுந்து, மூன்றாவது தட்டுக்குக் கை இறங்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டே முக்கால் என்று சொல்லத்தக்க இடத்தில், ஒரு தோள் மேலே எழும். அந்த நொடியில் அரங்கிலிருந்து கிளம்பும் ஓசைக்காகத்தான் அதற்கு முந்தைய இருபது நிமிட உழைப்பும்.

வலங்கைமான்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. குடமுருட்டிக் கரையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றுவட்டாரம் வெடிக்காகத்தான் அறியும். தீபாவளிக்குச் சரவெடி வாங்கவும், கோயில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை பேசி முன்பணம் கொடுக்கவும் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். வேடிக்கை விடுகிறவரின் கையில் இருப்பதும் குஸ்திக்காரரின் கையில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றே: எண்ணி எடுத்து வந்த சரக்கு, அளந்து கொடுத்த நேரம், அண்ணாந்து பார்க்கும் கூட்டம். எதை முதலில் விடுவது, எதைக் கடைசி வரைக்கும் கோணிக்குள்ளேயே வைத்திருப்பது என்பதில்தான் பேர் நிற்கும். 1990களில் கேபிள் வழியாக டபிள்யூ டபிள்யூ எஃப் மல்யுத்தம் வீட்டுக்குள் நுழைந்தபோது, பிள்ளைகள் டிரம்ப் கார்டில் எடையையும் உயரத்தையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெடித்தொழிலில் கை பழகியவர்கள் பார்த்தது வேறு: இந்த ஆள் தன்னுடைய பெரிய வாணத்தை எப்போது எடுக்கிறான்?

உண்மையான போட்டி என்றால் சுவாரசியமாக இருக்கும் என்பது, அதைப் பார்க்காதவர்களின் நினைப்பு. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில், இந்தியாவிலிருந்து போன காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவின் வேகம் என்ன என்று தொடக்கத்திலேயே தெரிந்துகொண்ட ஸ்பிஸ்கோ, குப்புற விழுந்து தரையைக் கட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே. கடைசியில் சமன் என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து நடக்க இருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்குப் போனது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடியும் சந்தித்தார்கள். ஒரு நிமிடம் ஆவதற்குள் ஸ்பிஸ்கோ மல்லாந்துவிட்டார். முதல் போட்டியைப் பார்த்தவனுக்குக் கொட்டாவி. இரண்டாவதைப் பார்த்தவன் துண்டை உதறி உட்காருவதற்குள் ஆட்டம் முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கதை வந்துவிடுகிறது: பதினெட்டு வருஷம் காத்திருந்து ஒரே நிமிடத்தில் கணக்கைத் தீர்த்த ஆள். ஆனால் அந்தக் கதை சொல்கிறவன் வாயில் இருக்கிறது, மேடையில் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதிதான். 1916 ஜூலை 4 அன்று ஒமாஹாவில் ஜோ ஸ்டெச்சரும் எட் லூயிஸும் சுமார் ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்று சமனில் முடித்தார்கள். டிக்கெட் வாங்கியவன் இன்னொரு முறை வருவானா? 1920களில் அதே எட் லூயிஸ், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகிய மூவரும் சேர்ந்து ஆட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள். தரையோடு தரையாகக் கிடக்கும் பிடிகளைக் குறைத்து, தூக்கி எறிதல், பாய்தல், குத்துச்சண்டையின் அசைவு எல்லாவற்றையும் கலந்தார்கள். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவைப் போல மல்லர்களை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, இன்றைய ஆட்டத்தின் முடிவிலிருந்து அடுத்த மாதத்து ஆட்டத்தின் பகை பிறக்கும்படி செய்தார்கள். இன்று உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் வருவது, பெரும்பாலும் அந்த மூவர் போட்ட கோலம்தான்.

மற்போரைக் கதையாகச் சொல்வது தமிழுக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்கள் சாத்தந்தையார் பாடியவை. பாட்டுடைத் தலைவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. ஆமூர் மல்லனை அவன் வீழ்த்திய காட்சி 80இல் இருக்கிறது. ஒரு காலை மல்லனின் மார்பில் மண்டியிட்டு வைத்திருக்கிறான். மற்றக் கால், எதிராளி முதுகுப் பக்கம் செய்யப் பார்க்கும் தந்திரத்தைத் தடுக்கிறது. மூங்கிலைத் தின்ன முயலும் யானையின் உவமையும் வருகிறது. பிடியின் விவரம் இவ்வளவு துல்லியம். ஆனாலும் பாட்டைத் தூக்கி நிறுத்துவது பிடி அல்ல. தந்தை தித்தனோடு பகைத்துப் பிரிந்த மகன் இவன். விரும்புவானோ வெறுப்பானோ, இந்த வெற்றியை அந்தத் தித்தன் பார்க்க வேண்டும் என்கிறார் புலவர். அந்த ஒரு வாக்கியத்தில் மேடைக்கு வெளியே இருக்கும் ஓர் ஆள் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறான். பகையை வைத்துப் பிடிக்கு எடை கூட்டுவது என்பது இதுதான். தொலைக்காட்சி மல்யுத்தத்தில் அப்பன் மகன் சண்டை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு சிரிப்பவர்கள், தித்தனின் உறையூர் வரைக்கும் ஒரு நடை போய்வரலாம்.

82ஆம் பாடல் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சண்டை எவ்வளவு வேகமாக முடிந்தது என்று சொல்ல வேண்டும். புலவர் மல்லர்களை விட்டுவிட்டுக் கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது; வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை; வெளியே மழை; பொழுதும் சாய்கிறது. அவன் கையில் வார் கோத்த ஊசி எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவு வேகமாக இருந்ததாம் அந்தப் போர். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அவசரம். வேகத்தை ‘மிக மிக’ என்று கூட்டாமல், காரணங்களை அடுக்கிக் கூட்டுகிறார். ஏற்றம் என்ற வித்தையைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சின்னப் பாடம் கிடைக்காது.

தமிழ்நாட்டில் ‘குஸ்தி’ என்றதும் பழைய ஆட்கள் நாக்கில் வருகிற பெயர் தாரா சிங். வம்புக்கு இழுப்பவனைப் பார்த்து ‘மனசுல பெரிய தாராசிங்குன்னு நெனப்பு’ என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் பேச்சில் கலந்துவிட்டது. 1928இல் அமிர்தசரஸ் மாவட்டத்தில் பிறந்தவர், இருபது வயது வாக்கில் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனார். தொழிற்சாலை வேலையோடு அங்கேதான் தொழில்முறை மல்யுத்தம் பழகினார். அன்றைய சிங்கப்பூரில் நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் என்று மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. சினிமா, நாடகம், நடனம், குத்துச்சண்டை, குஸ்தி எல்லாம் ஒரே வளாகத்தில். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன டெல்டா ஆட்கள் மாலைப் பொழுதைக் கழித்த உலகம் அது. தாரா சிங் தொழிலைக் கற்றுக்கொண்டது, மொழி வேறுபட்ட பல இனத்தார் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு முன்னால். பேசிப் புரியவைக்க முடியாத கூட்டம். உடம்பாலேயே கதை சொல்லியாக வேண்டும்.

அவருக்கு வாய்த்த எதிராளி கிங் காங். எமில் சாயா என்ற இயற்பெயர் கொண்ட இவர் 1909இல், இன்று ருமேனியாவில் இருக்கும் பிராசோவ் ஊரில் பிறந்தவர். ஆசியா முழுக்கச் சுற்றி ஆடி, 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். மலை போன்ற உடம்பு. தாரா சிங் உயரமானவர், கட்டுடல்காரர். ஆனாலும் கிங் காங்குக்குப் பக்கத்தில் நின்றால் மெலிந்தவர் போலத் தெரிவார். 1950களில் இருவரும் ஊர் ஊராக மோதினார்கள். தாரா சிங் கிங் காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி மேடைக்கு வெளியே எறிந்த கதையைச் சொல்லாத வீடு வட இந்தியாவில் குறைவு. அந்தத் தூக்கலில் பாதி பலம், பாதி கணக்கு. கனத்த ஆளைத் தூக்குவதற்கு அந்த ஆளே ஒரு சின்னக் குதி குதித்து உதவ வேண்டும். அது வெளியே தெரியவும் கூடாது. மேலே போனபின் ஆடாமல் அசையாமல் தன் உயிரை அடுத்தவன் தோளில் ஒப்படைத்துக் கிடக்க வேண்டும். ஆகவே தாரா சிங்கின் புகழில் கிங் காங்குக்குப் பங்கு உண்டு. வில்லன் வேலைக்குக் கூலி அதிகம் கேட்டாலும் தகும்.

1968 மே 29 அன்று பம்பாயில் தாரா சிங் அமெரிக்கர் லூ தெஸைத் தோற்கடித்து உலகப் பட்டத்தை எடுத்தார். தெஸுக்கு அப்போது வயது 52. இருவருமே நிஜப் பிடி தெரிந்தவர்கள் என்பதால் அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சின் தோரணையே வேறு. நிஜ வித்தை தெரிந்த கையில்தான் பொய்ப் பிடிக்கும் உயிர் வருகிறது. பின்னாளில் 1987இல் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வந்தவரும் இவரே. சஞ்சீவி மலையைத் தூக்க வேறு யாரை அழைப்பார்கள்?

இனி ஆட்டத்தின் கட்டமைப்பு. மேடையில் ஒருவர் நல்லவர். தொழில் மொழியில் பேபிஃபேஸ். மற்றவர் ஹீல், அதாவது வில்லன். தொடக்கத்தில் நல்லவரின் கை ஓங்கும். அவருக்கு என்னவெல்லாம் வரும் என்று கூட்டத்துக்குக் காட்டும் கட்டம் இது. பிறகு வில்லன் ஒரு அழிச்சாட்டியம் செய்து ஆட்டத்தைப் பறிப்பார். அடுத்து நீண்ட வதை. இடையிடையே நல்லவர் எழப் பார்ப்பார். எழும்போதெல்லாம் வெட்டு விழும். கடைசியில் எழுச்சி, பின் முடிவு. வதைப் பகுதிதான் ஆட்டத்தின் நடுக்கூடம். பொறுமை இல்லாதவர்கள் எழுந்து டீ குடிக்கப் போவதும் அப்போதுதான். ஆனால் ஆட்டத்தைப் பெரும்பாலும் நடத்திச் செல்பவர் வில்லன். கழுத்தை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு இருவரும் அசையாமல் நிற்கும்போது ஓய்வெடுக்கிறார்கள் என்று தோன்றும். ஒருவரின் முகம் மற்றவரின் விலாவில் புதைந்திருக்கும். உதடு அசைவது தெரியாது. அடுத்த மூன்று அடியை அங்கேதான் பேசிக்கொள்கிறார்கள். நடுவர் குனிந்து ‘விட்டுக்கொடுக்கிறாயா?’ என்று கேட்கும் சாக்கில், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று சொல்லிவிட்டு நிமிர்வார்.

வலியைக் காட்டுவதற்கு ‘செல்லிங்’ என்று பெயர். அடி விழுந்தபோது முகத்தைச் சுளிப்பது செல்லிங்கில் கால் பங்குதான். ஐந்தாவது நிமிடத்தில் முழங்காலில் உதை வாங்கியவர், இருபதாவது நிமிடத்தில் எதிராளியைத் தூக்கும்போதும் அந்தக் கால் மடங்க வேண்டும். உற்சாகத்தில் மறந்து ஓடினால், முன்னால் செய்த பதினைந்து நிமிட வேலை வீண். நல்ல ரசிகர் பார்ப்பது இதைத்தான்: அடித்தவரை அல்ல, அடி வாங்கியவரை, அடி வாங்கிய நேரத்தை அல்ல, அதற்குப் பத்து நிமிடம் பிந்திய நேரத்தை.

இந்தத் தொழிலின் ரகசியத்துக்கு ‘கேஃபேப்’ என்று பெயர் வைத்துப் பல காலம் பொத்திக் காத்தார்கள். 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, இது விளையாட்டுப் போட்டி அல்ல, கேளிக்கை என்று டபிள்யூ டபிள்யூ எஃப் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. ‘பொய்தானே, இதைப் போய் எதுக்கு வாயைப் பொளந்து பாக்குற?’ என்று கேட்கும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வலங்கைமானில் அந்தக் கேள்விக்குப் பதில் கோயில் வாசலிலேயே இருக்கிறது. பங்குனி இரண்டாம் ஞாயிறு மகா மாரியம்மன் கோயிலில் பாடைக்காவடி. உயிருக்கு ஆபத்தான நோயிலிருந்து பிழைத்தவர் நேர்ந்துகொண்டபடி, குடமுருட்டியில் குளித்துவிட்டு, பச்சை மூங்கிலில் கட்டிய பாடையில் பிணம்போலப் படுப்பார். உறவுக்காரர்கள் தோளில் சுமந்து கோயிலை வலம் வருவார்கள். பறை அதிரும், முன்னால் தீச்சட்டி போகும். சன்னதிக்கு முன் இறக்கித் தீர்த்தம் தெளித்ததும் அவர் எழுந்து உட்காருவார். எழுந்துவிடுவார் என்று அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் பாடை தோளில் ஏறும்போது தாய்மாரின் கண் நனையாமல் இருப்பதில்லை. பக்தியையும் பந்தயத்தையும் ஒரு தராசில் வைக்கக் கூடாது. பார்க்கிறவர் மனசு வேலை செய்யும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்திருப்பது கண்ணீருக்குத் தடை இல்லை.

ஏற்றத்தைச் சரியாகக் கட்டிய ஆட்டம் ஒன்றைப் பார்க்க 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் நகருக்குப் போக வேண்டும். 93,173 பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டத்துக்கு முன் ஹல்க் ஹோகனும் ஆந்த்ரேயும் மோதினார்கள். ஆந்த்ரேயின் எடை 520 பவுண்டு என்று விளம்பரம். ஆட்டம் தொடங்கிய கையோடு ஹோகன் அவரைத் தூக்கப் பார்க்கிறார். முதுகு தாங்காமல் சரிகிறார். ஆந்த்ரே அப்படியே மேலே விழுகிறார். ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும், மயிரிழையில் தப்பியது. பிறகு நீண்ட வதை, எலும்பை நெரிக்கும் கரடிப்பிடி. கடைசியில் ஹோகன் அவரைத் தூக்கித் தரையில் சாய்த்தபோது எழுந்த ஆரவாரத்துக்குக் காரணம் அந்தத் தூக்கல் அல்ல. தொடக்கத்தில் தோற்ற தூக்கல். முதல் முயற்சியிலேயே தூக்கியிருந்தால் அது வெறும் எடை தூக்கும் போட்டி.

அதே இரவில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியது இன்னொரு வகை. பதினைந்து நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் இரண்டே முக்கால்கள் அடுக்கடுக்காக வருகின்றன. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் காகிதத்தில் எழுதி, இருவரும் பாடம் ஒப்பிப்பது போல மனப்பாடம் செய்து வந்தார்கள் என்பது தொழிலில் பிரபலம். அன்றைக்கு அது விதிவிலக்கு. மேடையிலேயே கேட்டுக் கேட்டு ஆடுவதுதான் வழக்கம். சில மாதங்களுக்கு முன் சாவேஜ் மேடை மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கியதாகக் கதை. கடைசியில் சாவேஜ் மறுபடியும் மணியை எடுக்கிறார். கூட்டத்துக்கு அதன் பொருள் உடனே புரிகிறது. இந்த முறை அந்த மணியே அவர் தோல்விக்கு வழி வைக்கிறது. பகை எந்தப் பொருளில் தொடங்கியதோ அந்தப் பொருளிலேயே தீர்வது, தெருக்கூத்துக்காரர்களுக்குப் பழக்கமான வித்தை. துகில் உரிந்த கையின் கணக்கு படுகளத்தில் தீரும்.

ஒளித்துவைப்பதில் ஜப்பானியர்களை மிஞ்ச ஆள் இல்லை. மிட்சுஹாரு மிசாவாவிடம் ‘டைகர் டிரைவர் 91’ என்று ஒரு வீச்சு இருந்தது. எதிராளியின் இரண்டு கையையும் பூட்டி, தலை முதலில் படும்படி இறக்குவது. 1991இல் அவர் அதை இறக்கியதால் அந்தப் பெயர். பிறகு எடுக்கவே இல்லை. 1994 ஜூன் 3 அன்று தோக்கியோ நிப்பான் புடோக்கான் அரங்கில் தோஷியாகி கவாடாவோடு அரை மணி நேரத்துக்கும் மேல் மோதி, இருப்பதையெல்லாம் இறக்கியும் கவாடா எழுந்துகொண்டே இருந்தபோது, கோணியின் அடியிலிருந்து அதை எடுத்தார். மூன்று வருஷம் கிடந்த வாணம். அதற்கு மேல் கூட்டத்துக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை.

வாணவேடிக்கையிலும் இதுவே நடைமுறை. மணல் அடைத்துக் குழாய்களை வரிசையாக நட்டிருப்பார்கள். முதலில் சின்ன வாணம், ஒற்றை ஒற்றையாக. கூட்டம் கழுத்தை நிமிர்த்திப் பழக வேண்டும். பிறகு வண்ணம். அதற்குப் பின் ஒரு அதிர்வேட்டு. அதிர்வேட்டு முடிந்த கையோடு அடுத்ததைப் பற்றவைப்பவர் கற்றுக்குட்டி. காது அடைத்துப்போய் இருக்கும்போது எவ்வளவு பெரிய சத்தமும் பஞ்சில் விழுந்த கல். ஊதுவத்தியைத் திரிக்கு அருகே பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் ஒரு குழந்தை அழுது ஓயும் வரைக்கும், யாரோ ஒருவர் ‘அவ்வளவுதானா?’ என்று கேட்கும் வரைக்கும் நிற்பார் அனுபவக்காரர். அந்தக் கேள்விக்கு அடுத்த நொடியில் வைப்பார். மல்யுத்தத்தில் இருவரும் தரையில் விழுந்து கிடக்க, நடுவர் பத்து வரை எண்ணும் கட்டம் இதற்குச் சமம். ஒன்றும் நடக்காத அந்தப் பத்து நொடியில்தான் ஆட்டம் ஏறுகிறது.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு திருவிழாவும் வலங்கைமான் வேடிக்கைக்காரர் ஒருவரின் நினைவில் இருக்கிறது. டெல்டாவில் ஒரு கிராமம்; முக்கால் மணி நேரத்துக்குச் சரக்கு; முதல் குழாய்க்கு நெருப்பு வைக்கப் போகும்போது விழாக் குழுவிலிருந்து ஓர் இளைஞர் ஓடி வந்தார்.

“அண்ணே, பெருசை மொதல்லயே வுட்டுடுங்க. வந்த விருந்தாளி கெளம்புறாரு.”

“தம்பி, அதை மொதல்ல வுட்டா அப்புறம் வுடறதுக்கு என்ன இருக்கு?”

“அதான் கோணி நெறய வச்சிருக்கீங்களே!”

பணம் கொடுப்பவர் சொல், மறுக்க முடியவில்லை. பெரிய வாணம் போனது, வானமே பிளந்தது, விருந்தாளி கை தட்டிவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பின் நாற்பது நிமிடம் விட்ட ஒவ்வொன்றும் நனைந்த பட்டாசு போலத்தான் பட்டது. சரக்கில் குறை இல்லை; ஒன்றுகூடப் பிசகவில்லை. மறுநாள் காலை டீக்கடையில் ‘நேத்து வேடிக்கை டல்லு’ என்றார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே மேல் கயிற்றிலிருந்து பாயும் இளம் மல்லர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊர்க் குழாய் வரிசை ஞாபகத்துக்கு வருவதாக அவர் சொல்வார்.

ஏற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. நேற்று முடிவாக இருந்தது இன்று நடுவில் வரும். நாளை தொடக்கத்திலேயே வரும். போன வருஷத்தைவிடச் சத்தம் கூடுதலாக வேண்டும் என்று கேட்காத விழாக் குழு இல்லை. ஜப்பானில் தலை படும்படி இறக்கும் வீச்சுகள் வருஷத்துக்கு வருஷம் கூடின. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமா மேடையில், ஒரு சாதாரண முதுகு வீச்சை வாங்கிய மிசாவா எழவில்லை. அன்றே இறந்தார், வயது 46. எத்தனையோ வருஷம் கழுத்தில் சேர்ந்தது ஒரு சாதாரண அடியில் வெளியே வந்தது. கருமருந்தோடு பிழைப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் புதிதில்லை. சத்தத்தைக் கூட்டாமல் இடைவெளியைக் கூட்டத் தெரிந்தவர்கள்தான் கையும் கண்ணும் முழுசாக வயசாகிறார்கள்.

கூட்டம் வெறும் சாட்சி அல்ல. சில ஆட்டங்களில் அது கட்சி மாறும். பெருநற்கிள்ளிமேல் காதல் கொண்ட நக்கண்ணையாரின் 85ஆம் புறப்பாட்டில், அவன் ஆடும் ஊர் அவன் சொந்த ஊர் அல்ல; ஒரு சாரார் அவனுக்கு வெற்றி என்கிறார்கள், இன்னொரு சாரார் இல்லை என்கிறார்கள். அவள் சிலம்பு ஒலிக்க ஓடி, வீட்டுப் பனையில் சாய்ந்து நின்று, தன் கண்ணால் பார்க்கிறாள். இரண்டாகப் பிளந்த கூட்டத்தின் கூச்சலே அந்தப் பாட்டின் பாதி. 1997 மார்ச் 23 அன்று சிகாகோ அருகே பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் ஆடியபோது அந்தப் பிளவு திரும்பியே போனது. உள்ளே வரும்போது ஹார்ட் நல்லவர், ஆஸ்டின் முரடர். கடைசியில் ஹார்ட்டின் பூட்டில் ஆஸ்டின் சிக்கி, நெற்றி ரத்தம் பல்லுக்குள் வழிய, விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லாமலேயே மயங்குகிறார். நடுவர் ஆட்டத்தை நிறுத்திய பிறகும் ஹார்ட் விடாமல் அடிக்கிறார். ஆஸ்டின் தாங்க வந்த கையைத் தட்டிவிட்டுத் தள்ளாடி நடக்கிறார். தோற்றவர் நல்லவர் ஆகி, ஜெயித்தவர் வில்லன் ஆகி இறங்கினார்கள். ஒரே ஆட்டத்தில் இருவரும் இடம் மாறுவது அபூர்வம். இவ்வளவு இயல்பாக மாறியது அதைவிட அபூர்வம்.

ஓர் ஆட்டத்துக்குள் ஏறுவது போலவே ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறுவதும் உண்டு. 1989இல் ரிக் ஃபிளேரும் ஸ்டீம்போட்டும் ஆடிய மூன்று ஆட்டங்கள் அதற்கு இலக்கணம். பிப்ரவரி 20, சிகாகோ: ஸ்டீம்போட் பட்டத்தை எடுக்கிறார். ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ்: மூன்றில் இரண்டு என்ற கணக்கில் ஏறத்தாழ ஐம்பத்தைந்து நிமிடம்; மறுபடியும் ஸ்டீம்போட், ஆனால் எண்ணும்போது ஃபிளேரின் கால் கயிற்றுக்கு அடியில் இருந்ததை நடுவர் பார்க்கவில்லை. அந்த ஒரு காலில் மூன்றாவது ஆட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. மே 7, நாஷ்வில்: தூக்க முயன்ற ஸ்டீம்போட்டின் முழங்கால் மடங்க, ஃபிளேர் சுருட்டிப் பிடித்து ஜெயிக்கிறார். முன் இரண்டு ஆட்டங்களைப் பார்த்தவனுக்கு ஒவ்வொரு பிடியிலும் பழைய கணக்கு தெரியும். பார்க்காதவனுக்கும் குறை இல்லை. கை குலுக்கியாயிற்று, கூட்டம் எழுந்துவிட்டது. அப்போது மேடையோரத்தில் தீர்ப்பாளராக உட்கார்ந்திருந்த டெர்ரி ஃபங்க் வாழ்த்துச் சொல்ல வருகிறார். பேச்சு தடிக்கிறது. ஃபிளேரை மேசைமேல் தலைகீழாக இறக்கிவிடுகிறார். அடுத்த பகை அங்கேயே தொடங்கியாயிற்று.

வேடிக்கை விடுகிறவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. விழாக் குழுவிடம் கொடுக்கும் சீட்டில் எழுதாத வாணம் ஒன்று கோணியில் இருக்கும். கடைசி அதிர்வேட்டு முடிந்து, புகை கலைந்து, கூட்டம் பாயை உதறிச் சுருட்டும். ஆண்கள் வயல் வரப்பில் டார்ச் அடித்து நடக்கத் தொடங்குவார்கள். பாதி தூரம் போயிருப்பார்கள். அப்போது அந்தத் திரியில் நெருப்பு வைப்பார்கள்.